நாஃப்பிலியோ படகுக் கண்காட்சி: கட்டுரையில் விட்டுப்போனவை

கிரீஸின் நாஃப்பிலியோ துறைமுகத்தில் நடக்கும் வாடகை சொகுசுப் படகுக் கண்காட்சி பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் படகுகளின் பளிங்குக் குளியலறைகளைத் தாண்டிக் கட்டுரை நகரவே இல்லை. அங்கே விருந்தினர்களுக்குப் படகை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் முகவர்கள் படகு படகாக ஏறி இறங்குவதே கேப்டன், சமையல்காரர், பணியாளர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று நேரில் பார்க்கத்தான். ஒரு வாரம் கடலில் இருக்கப்போகிற விருந்தினருக்கு அதுதானே எல்லாம்! சமையல்காரர்களுக்குப் போட்டியே வைக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய படகானாலும் பெரும்பாலும் 12 விருந்தினர்தான். அதைத் தாண்டினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பல்; பாதுகாப்பு நிபந்தனைகள் பல மடங்கு கடுமையாகிவிடும்.

முக்கியமாக, விளம்பரத்தில் போடும் வார வாடகையோடு செலவு முடிவதில்லை. எரிபொருள், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் இவற்றுக்கென்று வாடகையில் சுமார் 25 முதல் 35 சதவீதம் வரை முன்பணம் கட்ட வேண்டும். கேப்டன் கணக்கு வைத்துச் செலவழிப்பார், மிச்சம் இருந்தால் திரும்பி வரும். வரியும் பணியாளர்களுக்கான அன்பளிப்பும் தனி. கனவோடு படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடலாமா? அடுத்த கட்டுரையில் ஒரு கேப்டனிடமாவது பேசி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.