ஊதுபத்திக்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீர்

போன மே மாதம் பன்னிரண்டு நாள் மன்னார்குடிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததுமே குப்பென்று ஒரு வாடை. சாக்கடையும் காயாத துணியும் கலந்த மாதிரி. கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் ஊதுபத்தியைத் தேடி ஓடினேன். பின்னாலேயே வந்த மகள் நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, நம்ம வீடு எப்பவுமே லேசா இப்படித்தான் இருக்கும். என் பர்த்டேக்கு வந்தப்பவே என் ஃபிரண்டு சொன்னா."

எப்பவுமேவா!

ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நாள் முழுக்கப் பூக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மல்லிகை மணக்காது. அதே போலத்தான் அவரவர் வீட்டு வாடை அவரவருக்குத் தெரியாது. வந்துபோகிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்களும் சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டு நாள் வெளியே இருந்ததால் அன்றைக்கு நானும் விருந்தாளியின் மூக்கோடு என் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டிவி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். விருந்தாளி மூக்கைச் சுளிப்பார், மருமகள் தலையைக் குனிவாள், அப்புறம் ஒரு டப்பாவை எடுத்து 'புஸ்' என்று அடிப்பாள், வீடெல்லாம் பூவாகப் பறக்கும். வீடு நாறினால் அது வீட்டுப் பெண்ணின் குற்றம் என்பதில் எல்லோருக்கும் அப்படி ஓர் உறுதி. எனக்கும் அந்த உறுதி இருந்திருக்கிறது போல. என் கணவருக்கு அன்று நல்ல தூக்கம்.

மறுநாளிலிருந்து இயற்கை வழிகளைத் தேட ஆரம்பித்தேன். எலுமிச்சைத் தோல், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லி ஆயிரம் வீடியோ இருக்கிறது. செய்தேன். அரை மணி நேரம் வீடு பிரியாணி தம் போட்ட மாதிரி மணந்தது. அப்புறம் பழைய வாடை, இப்போது கிராம்போடு சேர்ந்து. காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லிச் செடி வாங்கினேன். செடி அழகுதான், ஆனால் ஒரு வீட்டின் காற்றை உருப்படியாக மாற்ற வேண்டுமென்றால் நாம் வீட்டைக் காலி செய்து செடிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், அத்தனை தேவைப்படும். இது எல்லாமே பெருக்காத வாசலில் கோலம் போடுகிற வேலை என்று அப்போது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது எங்கள் வீட்டில் வேலைக்கு உதவ வரும் அக்கா. லீவு முடிந்து வந்தவர் உள்ளே காலை வைத்ததுமே கேட்டார்: "அந்தப் பின்னாடி பாத்ரூம் யாரும் பொழங்கறதில்லையாம்மா? ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி வுடுங்க, நின்னுடும்."

ஊற்றினேன். அன்று சாயங்காலமே முக்கால்வாசி வாடை காணாமல் போனது.

பிளம்பர்கள் 'நானி ட்ராப்' என்பார்கள். குளியலறைத் தரையில் இருக்கும் ஜாலிக்கு அடியில் கிண்ணம் போல ஓர் அமைப்பு. அதில் எப்போதும் இரண்டு அங்குலம் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் குழாயில் இருக்கும் வாயு மேலே வராமல் தடுக்கும் மூடியே அந்தத் தண்ணீர்தான். புழங்காத குளியலறையில், அதுவும் சென்னை வெயிலில், அது வற்றிப்போகும். மூடி போனால் குழாயில் இருப்பதெல்லாம் நேராக வீட்டுக்குள். எங்கள் விருந்தினர் குளியலறையில் மாமியார் வந்தால் மட்டுமே தண்ணீர் விழும். ஆக, இத்தனை நாள் நான் வெட்கப்பட்டது இரண்டு அங்குலத் தண்ணீருக்காக. இப்போது வாரம் ஒருமுறை ஒரு பக்கெட். நீண்ட நாள் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டுவிட்டுப் போகிறேன். மேலே எண்ணெய்ப் படலம் நின்றால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

மீதிக் கால்வாசி வாடையைத் தேடிப் போனதில்தான் என் வீட்டை எனக்கே தெரிந்தது. வாஷிங் மெஷின் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பை விரித்துப் பார்த்தேன். கறுப்பாகக் கொழகொழவென்று இருந்தது, அதற்குமேல் எழுத மாட்டேன், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது, உருகும் தண்ணீர் அதில்தான் விழுகிறது என்பது எட்டு வருடம் கழித்துத் தெரிந்தது. காயாத துணியின் வாடைக்கு ஈரம் காரணம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த ஈரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள்தான் காரணம். அதற்கு வாசனைத் திரவம் ஊற்றிப் பயனில்லை. வெயில் வேண்டும், இல்லையென்றால் வெந்நீர். மழைக்காலத்தில் இரண்டும் இல்லாத நாட்களில் துணிகளை நெருக்கமாகப் போடாமல் ஃபேனுக்குக் கீழே இடைவெளி விட்டுப் போடுகிறேன்.

அம்மா வீடு ஏன் நாறுவதில்லை என்று யோசித்தேன். அங்கே வாசனைக்கென்று தனியாக யாரும் எதுவும் செய்வதில்லை. முற்றம் இருக்கிறது. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிடிக்காது. தலையணை, மெத்தை எல்லாம் மாசி, பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும். எங்கள் ஃப்ளாட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு டக்ட். நான்கு தளத்துச் சாம்பாரும் அதில்தான் சந்தித்துக்கொள்ளும். சதுர அடிக்கு இத்தனை ஆயிரம் என்று வாங்குகிறவர்கள், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகும் என்று பில்டரிடம் கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. மாடுலர் கிச்சன் என்ன நிறம் என்று கேட்டேன்.

மீனுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் மீன். அதற்காக ஸ்பிரே வாங்குவதைப் போல வீண் செலவு இல்லை. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. அதன்மேல் புளிப்பு பட்டால் உப்பாக மாறி அப்படியே அடங்கிவிடும், ஆவியாகி மூக்குக்கு வராது. நம் பாட்டிகள் மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்ததும், மீனைக் கழுவும்போது புளித்தண்ணீர் விட்டதும் இதனால்தான் பலித்தது. குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை நான் இப்போது குப்பையில் போடுவதில்லை. சட்டி, அரிவாள்மனை, சிங்க், கடைசியில் என் கை, எல்லாவற்றுக்கும் அதுதான். மீன் கழிவை மட்டும் மறுநாள் காலை குப்பை வண்டி வரும்வரை கவரில் கட்டி ஃபிரீசரில் வைக்கிறேன். கணவர் ஒருமுறை அதைச் சமைக்க எடுத்துவிட்டார், அது தனிக் கதை.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு கிண்ணம் ஆப்பச்சோடா வைப்பது கொஞ்சம் உதவுகிறது. புளித்த மாவை மூடாமல் வைத்தால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாசனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு வெட்டிவேர் பைத்தியம் உண்டு. கடலூர்ப் பக்கம் மணல் நிலங்களில் பயிரிடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வாங்கி மெல்லிய துணியில் கட்டித் துணி அலமாரியில் போட்டால் மாதக்கணக்கில் மணக்கும். அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். மணம் குறைந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். கூடவே இரண்டு துண்டு வசம்பு. அந்துருண்டையை வீட்டை விட்டே அனுப்பிவிட்டேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் ஆபத்து உண்டு. பேரப்பிள்ளைக்கென்று பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய சட்டைகளை எடுப்பவர்கள், துவைத்து நன்றாக வெயிலில் போட்டுவிட்டு மாட்டுங்கள்.

சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் புகையில் முடி உலர்த்தும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் இயற்கையானது என்பதால் புகை புகையில்லாமல் போகாது. நல்ல பிசின் வாங்கித் தணலில் போட்டாலும் அதில் நுண்துகள் இருக்கும். கடையில் விற்கும் கப் சாம்பிராணியில் பெரும்பங்கு கரித்தூளும் மரத்தூளும்தான். அம்மா புகை போடும்போது கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், முற்றம் வழியாகப் புகை மேலே போய்விடும். நாம் ஏசி அறையைச் சாத்திக்கொண்டு அதையே செய்கிறோம். ஆஸ்துமாக்காரர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. மற்ற வீடுகளில், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மகளின் அதே தோழி வீட்டுக்கு வருகிறாள். குளியலறைக்கு இரண்டு பக்கெட் ஊற்றியாயிற்று, மெஷின் ரப்பரைத் துடைத்தாயிற்று. அன்றைக்கு மட்டும் மத்தி மீன் வாங்க வேண்டாம் என்று மகள் கெஞ்சுகிறாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மத்தி இப்போது நல்ல நெய்யோடு வருகிறது.