கோட்டாப் பிள்ளையாம்!

"உனக்கென்னடி, முல்லைத்தீவு. கம்பசுக்குக் கோட்டாவில தூக்கிப் போட்டிடுவாங்கள்."

இந்த வசனத்தை இனி ஆராவது எனக்கு முன்னால சொன்னா பிறகு நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை. றிசல்ட் வந்த நாளில இருந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சொல்லுறவையும் சிரிச்சு முகத்தோடதான் சொல்லுவினம். கேக்கேக்க வாழ்த்து மாதிரி இருக்கும். வீட்ட வந்து பாயில சரிஞ்ச பிறகுதான் நெஞ்சுக்குள்ள குத்தும்.

நான் 2024 உயர்தரம், கணிதப் பிரிவு. ஒரு ஏ, ரெண்டு பி. விசுவமடுப் பக்கம் இது கொண்டாடுற றிசல்ட். அம்மா கோயிலுக்குப் பொங்கினா. அப்பா தேத்தண்ணிக்கடை முழுக்கச் சொல்லித் திரிஞ்சார். நானும் அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் சந்தோசமாத்தான் இருந்தன். பிறகு வாட்ஸப்பைத் திறந்தன். அதோட முடிஞ்சுது.

எங்கட சூம் வகுப்புக் குறூப்பில பாதிப் பேர் யாழ்ப்பாணம். ஸ்ரேற்றஸ் முழுக்க மூண்டு ஏ, மூண்டு ஏ, மூண்டு ஏ. ஒருத்தன் ஐலன்ட் ராங்கோட போட்டோ. இன்னொருத்தி மூண்டு ஏ எடுத்துப்போட்டு அழுற எமோஜி போட்டிருக்கிறாள், நினைச்ச ராங்க் வரேல்லையாம். கீழ அம்பது பேர் ஆறுதல். அதைப் பாத்துப்போட்டு என்ர ஏ ரெண்டு பியை நான் எங்க கொண்டுபோய்ச் சொல்லுறது? ஆரும் கேட்டா "ஏதோ பாஸ்" எண்டு சொல்லத் தொடங்கீட்டன். என்ன மாக்ஸ் எண்டு சொல்ல முதலே விளக்கம் சொல்ல வாய் வருது. பிசிக்ஸ் சேர் பாதியில மாறிப்போனவர், லாப் இல்லை, நெற் இல்லை எண்டு. ஏன் நான் விளக்கம் சொல்லவேணும்? களவெடுத்துப் பிடிபட்டனானோ?

ரெண்டு வருசமும் எப்பிடிப் போச்சுது எண்டு கொஞ்சம் கேளுங்கோ. கெமிஸ்ட்ரியில நியமிப்புச் செய்முறை வரும். அமிலத்துக்குப் பினோத்தலின் எண்ட காட்டியை விட்டு, மேல இருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டா விட, நிறமில்லாமல் இருந்தது டக்கெண்டு ரோஸ் ஆகும். அந்த இடத்தைத்தான் பேப்பரில முடிவுப்புள்ளி எண்டு கேப்பினம். எங்கட பள்ளிக்கூடத்தில சொட்டு விடுற குழாய், அந்த பியூரெட்டில திருகி உடைஞ்சு, பிடிக்க ஒழுகும். பாவம், ரீச்சர் கரும்பலகையில குடுவை ஒண்டு கீறி, ரோஸ் சோக்கால உள்ளுக்குத் தேச்சு, "இப்பிடித்தான் வரும் பிள்ளையள், இதைவிடக் கொஞ்சம் வெளிறல்" எண்டா. நான் நியமிப்புப் படிச்சது அந்தச் சோக்கில. ஸ்ரேற்றஸ் போட்டவன் கையால செய்து பாத்தவன். கேள்வி ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்.

ஞாயிறு வகுப்பெண்டா இன்னொரு கூத்து. விடிய முதல் எழும்பி ஏ35 றோட்டில பஸ்ஸுக்கு நிண்டு, பரந்தனில இறங்கி, ஏ9ல யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிச்சு, ஆனையிறவு தாண்டேக்க நித்திரையாகி விழுந்து, வகுப்புக்குப் போய்ச் சேர கடைசி வாங்குதான் மிச்சம். அங்கத்தைப் பிள்ளையள் குளிச்சு, சைக்கிளில அஞ்சு நிமிசத்தில வந்து முன்னுக்கு இருப்பினம். வகுப்பு முடிய அவையள் இன்னொரு வகுப்புக்குப் போவினம். நான் கடைசி பஸ்ஸை விட்டிட்டா இரவு எங்க படுக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டு சேர் சொன்ன கடைசிக் கணக்கை எழுதாமல் ஓடுவன்.

சோதினை தொடங்கின கிழமையே மழை வெள்ளம் எண்டு நாடு முழுக்க நிப்பாட்டினவங்கள், ஞாபகமிருக்கோ? திரும்ப டிசம்பர் 4 தான் தொடங்கினது. அப்ப குறூப்பில ஒருத்தன் போடுறான், "மச்சான் லக், ரிவிஷனுக்கு எக்ஸ்ட்ரா டைம் கிடைச்சிட்டுது" எண்டு. அந்த நேரம் எங்கட வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நோட்ஸ் எல்லாத்தையும் உரப்பைக்குள்ள போட்டுக் கட்டி, அப்பா முகட்டு வளையில தொங்கவிட்டிருந்தார். எக்ஸ்ட்ரா டைம் முழுக்க நான் அதை அண்ணாந்து பாத்துக்கொண்டு கட்டிலில இருந்தன். அவனிலும் பிழையில்லை. அவன்ர மேசை நனையேல்லை.

சரி, இப்ப அந்தக் கோட்டாக் கதைக்கு வாறன். கதைக்கிற முக்காவாசிப் பேருக்கு அது என்னெண்டே தெரியாது. இசட் புள்ளி எண்டா, ஒரு பாடத்தில நீ எடுத்த மாக்ஸில இருந்து அந்தப் பாடத்துச் சராசரியைக் கழிச்சு, நியம விலகலால, அதாவது எல்லாற்ற மாக்ஸும் சராசரியில இருந்து எவ்வளவு சிதறிக் கிடக்குது எண்ட அளவால, பிரிக்கிறது. மூண்டு பாடத்துக்கும் அப்பிடி எடுத்துச் சராசரி பாக்கிறது. 2001ல கொண்டுவந்தவங்கள். ஒரு பாடம் கஷ்டம், மற்றது லேசு எண்ட வித்தியாசத்தை அது சமப்படுத்தும். ஊர் கஷ்டமெண்டதை அதுக்கு ஆர் சொல்லுறது? பியூரெட்டு ஒழுகினதும் உரப்பை தொங்கினதும் எந்த விலகலுக்கை வரும்? அதுக்காகத்தான் இடங்களைப் பிரிக்கேக்க 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு எண்டு பிரிக்கிறாங்கள்.

சனத்தொகைக்கு எண்டா விளங்குதோ? 2012 கணக்கெடுப்பில முல்லைத்தீவு 92 ஆயிரம் சொச்சம். யாழ்ப்பாணம் 5 இலட்சத்து 83 ஆயிரம். அந்த 55 வீதத்துக்குள்ள எங்களுக்கு ஒரு இடமெண்டா உங்களுக்கு ஆறு. வெட்டுப்புள்ளி, அதுதான் இடம் கிடைக்க வேண்டிய ஆகக்குறைஞ்ச இசட், எங்களுக்குக் குறைவுதான், நான் மறைக்கேல்லை. ஆனா அந்த ஒண்டு ரெண்டு இடத்துக்கு நாங்கள் எங்களுக்குள்ள அடிபடுறது உங்களுக்குத் தெரியாது.

இன்னும் ஒண்டு இருக்கு. அந்தப் பின்தங்கின 16 மாவட்டப் பட்டியலை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா இருக்கு. யாழ்ப்பாணமும் இருக்கு ராசா! நீங்களும் கோட்டாப் பிள்ளையள்தான். இதைக் குறூப்பில போட்டன். நீலச் சரி விழுந்தது, ஒரு குஞ்சும் வாய் திறக்கேல்லை. கொஞ்ச நேரத்தால ஒருத்தி கல்குலேட்டர் விக்கிறதுக்கு இருக்கோ எண்டு கேட்டாள்.

கோட்டா எண்ட சொல் யாழ்ப்பாணத்தில ஏன் கசக்குது எண்டும் எனக்குத் தெரியும். 70களில தரப்படுத்தல் எண்டு கொண்டுவந்து தமிழில சோதினை எழுதின பிள்ளையளின்ர இடத்தைப் பறிச்சது நடந்த கதை. அம்மப்பாவும் இருந்தாப்போல அதைத்தான் தொடங்குவார். அந்தக் கோபம் நியாயம். அதுக்காக அதைக் கொண்டுவந்து எங்கட தலையில இறக்குறதோ? நாங்கள் ஆனா ஆவன்னா எழுதினது மெனிக்பாம் அகதி முகாமில, தறப்பாளுக்குக் கீழ.

சொந்தக்காரரின்ர கதை வேற. யாழ்ப்பாணத்து மாமி போன் எடுத்தா. "இஞ்சினியரிங்குக்கு மொரட்டுவை கிரட்டுவை எண்டு ஆசைப்படாத பிள்ளை, உனக்குக் கிளிநொச்சியில பக்கத்திலயே இருக்குத்தானே, அது காணும்." அது காணுமாம்! மாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கிறதே எங்கட அறிவியல் நகரிலதான். உங்கட ஊர்ப் பிள்ளையள் பெட்டி கட்டிக்கொண்டு இங்க வந்துதான் இஞ்சினியர் ஆகுதுகள். அவையள் வந்தா அது கம்பஸ், நான் போனா அது "பக்கத்தில இருக்கிறது". இதென்ன நியாயம்?

கனடாவில சித்தப்பாவின்ர மகள் இருக்கிறாள். அவளும் அங்க வாட்டர்லூ கம்பசுக்குப் பொறியியலுக்குப் போட்டிருக்கிறாள். அங்க மாக்ஸ் மட்டும் காணாதாம், என்னென்ன செய்தனி, என்ன கிளப்பில இருந்தனி எண்டு ஒரு போம் நிரப்பவேணுமாம். ஒன்ராறியோவில பள்ளிக்கூடம் முடிக்கவே 40 மணித்தியாலம் தொண்டு வேலை காட்டவேணுமாம். அவள் வீடியோ கோலில அழுறாள், வகுப்பில எல்லாரும் 95க்கு மேலயாம், ஒருத்தன் ரோபோ செய்து பரிசு வாங்கினவனாம், தான் ஒண்டுக்கும் உதவாதவளாம். எனக்கு முதல் வந்தது கோபம். சூடாக்கின அறைக்குள்ள இருந்துகொண்டு அழுறதைப் பார் எண்டு. பிறகு பாத்தா அவள் சொல்லுற ஒவ்வொரு வசனமும் நான் இரவில எனக்குச் சொல்லுற வசனம். அண்டைக்கு ரெண்டு பேருமாச் சேந்து அந்த ரோபோக்காரனை நல்லாத் திட்டினம். கொஞ்சம் சுகமா இருந்தது, உண்மையாத்தான்.

நேற்று விண்ணப்பம் நிரப்பினன். நெற் இழுபடுகுதெண்டு குளக்கட்டில ஏறி நிண்டு போனில. விருப்ப ஒழுங்கு கேட்ட இடத்தில கூட வந்த சிநேகிதி சொல்லுறாள், "மொரட்டுவையை மேல போடாத, கிடைக்காட்டிச் சனம் சிரிக்கும்" எண்டு. கிடைக்காத ஒண்டை மேல போட்டா கீழ உள்ளது பறிபோகாது, அடுத்த விருப்பத்துக்குப் பாப்பாங்கள். அவ்வளவுதான். அதுக்கும் பயப்பட வச்சிருக்குது இந்தச் சனம். தனக்குக் கிடைக்கக்கூடியதை மட்டும்தான் எழுதவேணும் எண்டு எங்கட பிள்ளையளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?

மொரட்டுவையைத்தான் முதலாவதாப் போட்டன். ரெண்டாவது பேராதனை. மூண்டாவது அறிவியல் நகர், மாமியின்ர ஆசையும் ஏன் கெடுவான். வெட்டுப்புள்ளி வரேக்க வரட்டும். அதுக்கிடையில என்ர இசட் எவ்வளவு எண்டு ஒருத்தரும் போன் எடுக்கவேண்டாம். எடுத்தா, உங்கட மகன் மூண்டாவது தரம் சோதினை எழுதி என்ன எடுத்தவர் எண்டு நானும் கேப்பன்.