எலி ஆய்வைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தி தவறு

தக்கலை, குளச்சல் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: எலியின் நரம்பில் 'நரம்பு வளர்ச்சிப் புரதத்தை' அளந்துவிட்டார்களாம், அதைத் தூண்டும் எண்ணெயைத் தடவினால் சர்க்கரை நோயாளியின் கால் மரப்பு போய்விடுமாம், மாத்திரையே வேண்டாமாம். இது தவறு.

எலியில் அளப்பது உண்மைதான். திசுவை அரைத்து, அந்தப் புரதத்தோடு ஒட்டும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்து, எழும் நிறத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுவார்கள். அது வெறும் அளவு, மருந்து அல்ல. இந்தப் புரதத்தின் மனித வகையையே 1,019 சர்க்கரை நோயாளிகளை வைத்து 48 வாரம் ஊசியாகப் போட்டுச் சோதித்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. 2000-ல் வெளியான அந்த முடிவை மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய்க் குப்பிக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டையை வைத்திருந்தார். மனசு பதறிவிட்டது. கால் மரத்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.