பெட்டியில போட்டிருக்கிற சதுர அடி எவன் வீட்டுச் சதுர அடி?

"தம்பி, நெட்டு வரலைடா."

எங்க வீட்டுல இப்பல்லாம் பொழுது விடியறதே இதுலதான். அம்மா அடுப்படியில இருந்து குரல் கொடுத்தா ரேழியில இருக்கிற எனக்குத் தெளிவாக் கேட்குது. எழுபது வயசு தொண்டை தாண்டி வர்ற அந்தச் சுவரையெல்லாம் 11,000 ரூபாய் கொட்டி வாங்கின வைஃபையால தாண்ட முடியலை.

கும்பகோணத்துல எங்க வீடு 25 அடி அகலம், 120 அடி நீளம். முன்கட்டு தாத்தா காலத்தது. ஒன்றரை அடிச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பின்கட்டு அப்பா எழுப்பினது, 9 இஞ்ச் சுவர், கான்கிரீட் தளம். அதுக்கு மேல மாடி, நான் கட்டினது. மூணு தலைமுறையும் ஒத்துமையா சேர்ந்து செஞ்ச ஒரே காரியம் வைஃபைக்கு எதிரா கோட்டை கட்டினதுதான்.

இதுல ஃபைபர் இழுக்க வந்த பையன் வாசல்ல இருந்து நாலடி கூட உள்ள வரலை. ரேழிச் சுவத்துல ஆணி அடிச்சான், ரவுட்டரை மாட்டினான், "சிக்னல் ஃபுல்லா இருக்கு சார்"னான், போயிட்டான். அவன் நின்ன இடத்துல ஃபுல்லாத்தான் இருந்துச்சு. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு 290 காட்டுச்சு. கூடத்துல 60. முற்றம் தாண்டினா 8. மாடிக்குப் போற படிக்கட்டுல ஏழாவது படியில உட்கார்ந்தாத்தான் என் பொண்ணுக்கு ஆன்லைன் டியூஷன் மிஸ் முகம் தெரியும். எட்டாவது படிக்கு ஏறினா மிஸ் சதுரம் சதுரமா உடைஞ்சு போயிடுவாங்க.

சரி, மெஷ் போட்டுடலாம்னு கடைக்குப் போனேன், அதாவது வீட்டுல அங்கங்க வெச்சு ஒண்ணுக்கொண்ணு சிக்னலைக் கடத்தி விடுற வைஃபை டப்பா செட்டு. "அண்ணே, மூணு பீஸ் செட்டு, 5,000 சதுர அடி கவர் ஆகும். உங்க வீட்டுக்குத் தாராளம்." எங்க வீடு கீழும் மேலுமா 4,000 கூட வராது. கணக்கு இடிக்கலை, வாங்கிட்டேன். அந்த 5,000 சதுர அடியை எவன் எங்க நின்னு அளந்தான்னு கேட்கத் தோணலை. மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்ச அமெரிக்கா வீட்டுல அளந்தானா, பந்தி எடுத்து முடிச்ச கல்யாண மண்டபத்துல அளந்தானா? நம்ம வீட்டுல கம்பி கட்டின கான்கிரீட் இருக்கு, ஆளுயரக் கண்ணாடி பதிச்ச இரும்பு பீரோ இருக்கு. பெட்டி மேல இதுக்கெல்லாம் ஒரு வரி உண்டா?

மாட்டினேன். ரேழியில ஒண்ணு, கூடத்துல ஒண்ணு, மாடியில ஒண்ணு. ரேழியிலயே ஸ்பீடு பார்த்தேன். 94. முன்னாடி 290 வந்த அதே இடத்துல 94! கஸ்டமர் கேர்ல அதே பாட்டு, "ரீசெட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?" மூணு நாள் ரீசெட் பண்ணினேன். இடம் மாத்தினேன், வயர் மாத்தினேன், சாமி படத்துக்கு மேல கூட ஏத்தி வெச்சேன். 94-ஐத் தாண்டவே இல்லை. கடைசியில பெட்டியோட அடிப்பக்கம் எறும்பு சைஸ்ல ஒரு வரி: 10/100 போர்ட். அதாவது மேல கொட்டை எழுத்துல ஏசி 1200-னு (குளுகுளு ஏசி இல்லை, வைஃபை ரகத்தோட பேரு) மார்தட்டுற டப்பாவுக்கு வயர் நுழையற வாய் 100தான். கழிவெல்லாம் போக கையில 94. அண்டா வாங்கினேன், மூடியில ஊசி ஓட்டை வெச்சுக் கொடுத்திருக்கான்.

அந்த 1200-ம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் வயிறு எரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில 867, கூட்டினா 1167, அதை உருட்டித் திரட்டி 1200. அதுக்கு அடுத்த ரகத்தை ஏஎக்ஸ் 3000-னு விக்கிறானே, அதுவும் 574-ம் 2402-ம் சேர்ந்த 2976தான். என் ஸ்கூட்டர் 60-ல போகும், கார் 100-ல போகும், அதனால நான் 160-ல போறேன்னு சொன்னா கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவாங்க. போன் ஒரு நேரத்துல ரெண்டுல ஒண்ணைத்தான் பிடிக்கும். புதுத் தலைமுறையான வைஃபை 7-லதான் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வித்தை வந்திருக்கு, அதுக்கு போனும் 7-ஆ இருக்கணும். அந்த 2402-ம் பக்கத்துல உட்கார்ந்து, சேனலை, அதாவது சிக்னல் ஓடற பாதையை, 160 மெகாஹெர்ட்ஸுக்கு விரிச்சு வெச்சாத்தான். சுவருக்குப் பின்னாடி அது வெறும் அச்சு மை.

"பெட்டி பிரிச்சாச்சே அண்ணே"ன்னு இழுத்த கடைக்காரர் கிட்ட சண்டை போட்டு, மேல 6,000 அழுது, கிகாபிட் போர்ட், அதாவது 100-க்குப் பதிலா 1000 நுழையற வாய், வெச்ச செட்டு மாத்தி வாங்கினேன். ரேழியில 290 திரும்பி வந்துச்சு. கூடத்துல 130. மாடியில 35. ஏன்னா இது டூயல் பேண்ட், 2.4-க்கு ஒண்ணு, 5-க்கு ஒண்ணுன்னு ரெண்டே ரேடியோ. நடு டப்பா எந்த ரேடியோவுல ரேழிகிட்ட வாங்குதோ, அதே ரேடியோவுலதான் மாடிக்கும் கொடுக்கணும். ஒத்தைப் பாலத்துல போறவனும் வர்றவனும் மாத்தி மாத்தி நிக்கிற கதை. ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும், மிச்சத்தைச் சுவரு தின்னும். ட்ரை பேண்டுல டப்பாவும் டப்பாவும் பேசிக்கத் தனி ரேடியோ உண்டு, விலை ரெண்டு மடங்கு. ஆனா அந்தத் தனி ரேடியோவும் தாத்தா சுவரைத்தான் தாண்டணும்.

வைஃபைக்கு 6 கிகாஹெர்ட்ஸ்னு புது அலைவரிசை இருக்குன்னு ஒருத்தன் வந்தான். அமெரிக்காவுல 2020-லயே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்து விட்டுட்டாங்க. இங்க அதுல கீழ்ப்பக்கத்து 500-க்கு வரைவு விதி வந்ததே 2025 மே மாசம்தான். அதுவும் போக, அலைவரிசை ஏற ஏற சுவர் முன்னாடி இன்னும் சீக்கிரம் சோர்ந்து போகும். எங்க வீட்டு ஒன்றரை அடிக்கு அது மூக்கை முட்டிக்கிட்டு நிக்கும். அந்த செட்டுக்கு 40,000-மா?

போனுங்க பண்ற கூத்து தனி. ரேழியில பிடிச்ச டப்பாவை மாடி வரைக்கும் விடாது, தலைக்கு மேல புது டப்பா மினுக்கினாலும் பழசையே கட்டிக்கிட்டு அழும். எந்த டப்பாவுக்குத் தாவறதுன்னு கடைசியில முடிவு பண்றது போன்தானாம். அப்ப 'தடையில்லா ரோமிங்'னு பெட்டியில எதுக்குடா போட்டீங்க?

எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் வந்து பார்த்துட்டு ஒரே வார்த்தை சொன்னாரு. "தம்பி, ஒரு கேட் சிக்ஸ் லேன் வயர் இழுத்து மூணையும் வயர்ல கோத்துடுங்க, அவ்வளவுதான்." அப்பதான் எனக்கு ஞாபகமே வந்துச்சு. 2019-ல மாடி கட்டும்போது நானே கேட்டேன், "சார், லேன் வயருக்கு ஒரு பைப் போட்டுடலாமா?" இன்ஜினீயர் சிரிச்சாரு. "எல்லாம் வயர்லெஸ் ஆயிடுச்சு சார், எதுக்கு வேஸ்ட்டு?" அதே சுவத்துல ஏசிக்கு பைப் போட்டாங்க, டிஷ் டிவிக்குப் போட்டாங்க, இன்வெர்ட்டருக்குப் போட்டாங்க, யாருமே அடிக்காத காலிங் பெல்லுக்குக்கூட போட்டாங்க. பூச்சுக்கு முன்னாடி சில நூறு ரூபாயில முடிய வேண்டிய வேலை. இப்ப நீளமான டிரில் பிட் வாடகைக்கு எடுத்து, ஒன்றரை அடிச் சுவத்தை ரெண்டு இடத்துல துளைச்சோம். சுண்ணாம்புப் பொடி அம்மா காயப்போட்டிருந்த வடாம் மேல கொட்டி, அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வயர்லெஸ் வாங்கப் போனவன் வீட்டுல 40 மீட்டர் வயர் ஓடுது. முற்றத்து ஓரமா போற இடத்துல அம்மா துண்டு காயப்போடறாங்க.

மாடியில இப்ப 280 வருது. பொண்ணு படிக்கட்டை விட்டு எழுந்துட்டா. ரெண்டு நாள் நிம்மதி.

மூணாம் நாள் காலையில 9 மணிக்கு பராமரிப்புக்குன்னு கரண்ட்டை நிறுத்தினாங்க. இன்வெர்ட்டர் லைன்ல இருக்கிறது கூடத்து ஃபேனும் லைட்டும் மட்டும். ரேழி டப்பா அவுட்டு, மாடி டப்பா அவுட்டு, ஃபைபர்காரன் மாட்டின ரவுட்டரும் அவுட்டு. கூடத்து டப்பா மட்டும் சிவப்பு லைட்டோட அநாதையா முழிச்சுக்கிட்டு இருக்கு. "தம்பி, நெட்டு..."

ஒவ்வொண்ணுக்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் வெச்சா சரியாயிடுமாம். அதே கடைக்குத்தான் போன் பண்ணினேன்.

"மூணு பீஸ் செட்டாவே போட்டுடவா அண்ணே?"