திட்டுவதற்குக்கூட நினைவுக்கு வராத ஒரு நிதியமைச்சர்

பசுமைப் புரட்சியைச் சாடும் பதிவுகள் மாதத்துக்கு நான்கைந்தாவது என் கண்ணில் படுகின்றன. யூரியாவால் மண் மலடானது, நம் நெல் ரகங்கள் ஒழிந்தன, உழவன் கடனாளியானான் என்று நீளும் அந்தக் குற்றப்பத்திரிகைகளில் முதல் எதிரியாக எம்.எஸ். சுவாமிநாதனே நிறுத்தப்படுவார். அவர் விஞ்ஞானி; பரிந்துரை செய்தவர். அந்தப் பரிந்துரையை வாங்கிக்கொண்டு அமைச்சரவையில் மல்லுக்கட்டி, நிதித்துறையின் எதிர்ப்பையும் மீறிக் கோப்பில் கையெழுத்திட்ட அமைச்சர் ஒருவர் இருந்தாரே, அவர் தமிழரும் ஆயிற்றே, அவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்த சி. சுப்பிரமணியம், அந்தக் காலத்தவருக்கு சி.எஸ்., இன்று திட்டுவதற்குக்கூட யாருடைய நினைவிலும் இல்லை. பத்தாண்டுகள் சென்னை மாநிலத்தின் நிதியமைச்சர், பிறகு டில்லியில் எஃகு, உணவு, திட்டம், தொழில் வளர்ச்சி, நிதி, பாதுகாப்பு என்று துறை துறையாகப் பொறுப்பு வகித்தவர், கடைசியில் பாரத ரத்னா. இவ்வளவு நீண்ட பொதுவாழ்வு இவ்வளவு சீக்கிரம் மறக்கப்பட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதியமைச்சர் என்ற பெயரால் அறியப்பட்ட சி.எஸ்., தம் பொதுவாழ்வின் மிகச் சிறந்த வேலையை நிதித்துறையில் செய்யவில்லை, உணவுத்துறையில்தான் செய்தார். அங்கே பதவியைப் பணயம் வைத்தவர், நிதித்துறையில் பதவியைக் காத்துக்கொண்டார்.

சென்னை நாட்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1953-இல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற கல்வித் திட்டத்துக்குச் சட்டமன்றத்தில் முன்நின்று வாதாடியவர் இவர். அந்தத் திட்டத்தாலேயே ராஜாஜி விலக நேர்ந்தபோது, 1954-இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று, 93-க்கு 41 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். வென்ற காமராஜர் தோற்றவரைத் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டு நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். சில வாரங்களுக்குள், தாம் ஆதரித்துப் பேசிய அதே கல்வித் திட்டம் கைவிடப்படுவதாக அறிவிக்கும் பொறுப்பும் சி.எஸ். தலையிலேயே விழுந்தது. இதைக் கொள்கைப் பிடிப்பின்மை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அதன் பிறகு பள்ளிகளும் மதிய உணவும் மாநிலமெங்கும் பரவியபோது, கஜானாவின் சாவியை வைத்திருந்தவர் கையை விரிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமுன்வடிவை 1956-இல் அவையில் கொண்டுவந்தவரும் இவரே.

1964 ஜூனில் சாஸ்திரி அமைச்சரவையில் உணவு, வேளாண்மைத் துறையை ஏற்றபோது, அது யாரும் விரும்பிக் கேட்காத துறையாக இருந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வரும் கோதுமைக் கப்பல் கரை சேர்ந்தால்தான் நாட்டில் உலை கொதிக்கும் என்ற நிலை. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-இல் இறக்குமதியான தானியம் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. அதிபர் ஜான்சனோ கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், மாதா மாதம் கணக்குப் பார்த்துக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சூழலில்தான் பசுமைப் புரட்சிக்கு அடிப்படையான, குட்டையாக வளர்ந்து அதிகம் விளையும் மெக்சிகோவின் கோதுமை விதையை அயலிலிருந்து தருவிப்பது என்ற முடிவு வருகிறது. முதலில் 1965-இல் 250 டன். அடுத்த ஆண்டே 18,000 டன். அதுவரை உலகில் எந்த நாடும் இவ்வளவு விதையை ஒரே மூச்சில் வாங்கியதில்லை. புதிய விதைக்கு ரசாயன உரம் வேண்டும், உரத்துக்கு டாலர் வேண்டும், டாலரோ கையில் இல்லை. நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி இந்த வழியை எதிர்த்தார். ஒரு தமிழர் கேட்க இன்னொரு தமிழர் மறுக்க, டில்லியில் அது ஒரு தனிக் காட்சியாகவே இருந்திருக்கும். இடதுசாரிகளின் எதிர்ப்பு வேறு விதம்: பணக்கார விவசாயிக்கே இது பயன்படும், அமெரிக்காவின் பிடி இறுகும் என்றார்கள். முதல் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதைப் பிந்தைய பஞ்சாப் காட்டிவிட்டது.

சி.எஸ். செய்தது என்ன? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமையில் அதுவரை அதிகாரிகளே அமர்ந்திருந்த வழக்கத்தை மாற்றி, 1965-இல் பி.பி. பால் என்ற விஞ்ஞானியை அங்கே உட்கார வைத்தார். விளைபொருளுக்கு முன்கூட்டியே விலை சொல்ல வேளாண் விலைகள் ஆணையத்தை அமைத்தார். அந்த விலைக்குக் கொள்முதல் செய்ய இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் பிறந்தது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். புதிய விதையை ஆய்வுப் பண்ணைக்குள் வைத்துப் பூட்டாமல், உழவரின் சொந்த நிலத்திலேயே விதைத்துக் காட்டச் சொன்னார். டில்லியில் தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த அமைச்சர் பங்களாவின் புல்வெளியை உழுது, அங்கேயும் அந்தக் கோதுமையை விதைத்தார். விருந்தினர் தேநீர்க் கோப்பையோடு நிற்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கதிர் நின்றது. விளம்பரம்தானே என்று கேட்கலாம். விளம்பரம்தான். ஆனால் பயிர் பொய்த்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். அந்தச் சிரிப்புக்குத் துணிந்த அமைச்சர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

இதே காலத்தில்தான், 1965 பிப்ரவரியில், தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் பற்றி எரிந்தது. சி.எஸ்.ஸும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறந்து கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப, ராதாகிருஷ்ணன் ஏற்க இணங்கவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று பிரதமர் வானொலியில் பேசினார். இருவரும் திரும்பி வந்தார்கள். நாடகம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கடிதம் ஏற்கப்பட்டிருந்தால், விதைக் கப்பல் வரும்போது வேளாண் அமைச்சர் வேறு யாரோவாக இருந்திருப்பார் என்பதால், எனக்கு அது நாடகமாகத் தோன்றவில்லை.

1967 தேர்தல் வந்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அரிசி பற்றிய தி.மு.க.வின் முழக்கம் ஊர் ஊராக ஒலித்த அந்தத் தேர்தலில், நாட்டின் உணவு அமைச்சராக இருந்தவர் கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றார். அரிசிக்காக வரிசையில் நின்று சலித்த மக்கள் வேறு எப்படி வாக்களிப்பார்கள்? மறு ஆண்டே, 1968-இல், கோதுமை விளைச்சல் சுமார் 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தொட்டது. வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, வகுப்பறைகளில் மூட்டைகளை அடுக்கினார்கள். கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. விதைத்தவர் அப்போது அமைச்சரும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை.

காங்கிரஸ் 1969-இல் உடைந்தபோது அவர் இந்திராவின் பக்கம் நின்றார். அந்த நன்றிக் கணக்கின் தொடர்ச்சியாக 1974 அக்டோபரில் நிதித்துறை வந்தது. அந்த நிதியாண்டில் மொத்த விலைகளின் ஏற்றம் 25 சதவீதம். அடுத்த ஆண்டில் விலைகள் ஏறாதது மட்டுமல்ல, சற்றே இறங்கவும் செய்தன. நல்ல மழையும், சம்பளக்காரரின் அகவிலைப்படி உயர்வில் பாதியை முடக்கி வைத்த முந்தைய சட்டமும், கடத்தல்காரர்கள் மீதான நடவடிக்கையும் அதில் பங்கு கொண்டவை. முழுப் பெருமையையும் ஒருவருக்கே கொடுக்க முடியாது. 1975 அக்டோபர் 2-இல் முதல் ஐந்து கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்போடு கட்டப்பட்டிருந்த ரூபாயை அதே ஆண்டு அவிழ்த்தார்கள். 1976 பட்ஜெட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் 77-இலிருந்து 66 சதவீதமாகக் குறைந்தது. ஏடு பார்த்து மதிப்பெண் போட்டால் நல்ல மதிப்பெண்தான்.

ஆனால் அவை நெருக்கடி நிலையின் ஆண்டுகள். அவருடைய அமைச்சகத்திலிருந்து வருவாயும் வங்கியும் பிரித்தெடுக்கப்பட்டுத் தனிப் பொறுப்பாகப் பிரணாப் முகர்ஜியிடம் தரப்பட்டன. வரியும் வங்கியும் போன பிறகு நிதியமைச்சரிடம் எஞ்சுவது என்ன? ஆட்சியாளர்களுக்கு வளைந்து கொடுக்காத ஸ்டேட் வங்கித் தலைவர் தல்வார், அதற்கென்றே சட்டத்தைத் திருத்தி 1976-இல் வெளியேற்றப்பட்டார். தொழிலாளரின் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. மொழிக்காக ஒரு மாலையில் பதவியைத் தூக்கி எறியத் துணிந்தவர், தம் துறை இரண்டாகக் கிழிக்கப்பட்டபோதும் நாற்காலியிலேயே இருந்தார். ஆட்சி மாறிய பின், நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார் என்பது உண்மை. ஆணையத்துக்கு ஒத்துழைக்க மறுத்தவர்களோடு ஒப்பிட்டால் அது பெரிது. என்றாலும் பேச வேண்டிய நேரம் 1976, பேசியது 1977-இல்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1979-இல் சரண்சிங் அமைச்சரவையில் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சர். 1990-இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவைக் குறைசொல்லித் தனிப்பட்ட முறையில் பேசியது செய்தித்தாளில் வந்துவிட, 1993-இல் பதவி விலகினார். தேநீர் வேளைப் பேச்சுக்காக மாளிகையைக் காலி செய்த அந்த முதியவரை எனக்குப் பிடித்திருக்கிறது. 1998-இல் பாரத ரத்னா. 2000 நவம்பரில் மறைவு.

அவரது நூற்றாண்டையொட்டி 2010-இல் அரசு ஐந்து ரூபாய் நாணயம் வெளியிட்டது. ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சென்ற வாரம் அதை எடுத்துப் பார்த்த உறவுக்காரப் பையன், சி. சுப்பிரமணியம் என்று பெயரைப் படித்துவிட்டு, "பாரதியாரா மாமா? முண்டாசைக் காணோமே" என்று கேட்டான்.