மூணு போல்ட் வேலைதானாம்!

"ஆல்டர்னேட்டரா? மூணு போல்ட், ஒரு பிளக். அரை மணி நேரத்துல மாத்திட்டு டீ குடிக்கப் போயிடலாம்." இப்படிச் சொன்ன அத்தனை பேரையும் வரிசையா நிக்க வெச்சு, என் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பானெட்டுக்குள்ள தலையை விடச் சொல்லணும். இன்ஜின் ஓடறப்ப பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற சாமான்தான் ஆல்டர்னேட்டர். அதை மாத்தற அந்த அரை மணி நேரம் எனக்கு ஆறு வாரமா ஓடிக்கிட்டு இருக்கு.

1972 வண்டி. ரெண்டே சீட், துணிக்கூரை, 1798 சிசி இன்ஜின். இங்கிலாந்துல 40 வருஷம் தாண்டின வண்டிக்கு சாலை வரி கட்ட வேண்டாம், எம்ஓடிங்கற வருஷாந்திர தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. அதுல மிச்சம் பிடிச்ச காசையெல்லாம் இந்த ஒத்தைச் சாமான் வட்டியோட வசூல் பண்ணிடுச்சு.

ஆரம்பத்துல டேஷ்போர்டு சிவப்பு இக்னிஷன் லைட் லேசா மினுக்கிச்சு, அவ்வளவுதான். முழுசா எரியவும் இல்லை, முழுசா அணையவும் இல்லை. மல்டிமீட்டரை பேட்டரியில வெச்சுப் பார்த்தேன். இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துறப்பவும் 12.2 வோல்ட். சார்ஜ் ஏறினா 14 பக்கம் காட்டணும். சரி, ஆல்டர்னேட்டர் போச்சுன்னு முடிவு பண்ணி, அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஒண்ணு ஆர்டர் போட்டேன். அந்தக் கையை ஒடிக்கணும்.

விலை 95 பவுண்டு. அதுக்கு மேல 25 பவுண்டு டெபாசிட், பழசைத் திருப்பி அனுப்பினா அது கிடைக்கும். "ரீகண்டிஷன் செய்தது, அப்படியே பொருந்தும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். பொடி எழுத்துல போட்டிருந்ததைப் பெட்டி வந்ததுக்கு அப்புறம்தான் படிச்சேன்: புல்லியும் (பெல்ட் ஓடற சக்கரம்) ஃபேனும் பழசுல இருந்து கழட்டி நீங்களே மாட்டிக்கணும்.

கழட்டுங்க பார்ப்போம்! அம்பது வருஷத் துரு பிடிச்ச நட் அது. புல்லியில பழைய ஃபேன் பெல்ட்டைச் சுத்தி, வைஸ்ல இறுக்கி, ஸ்பேனர்ல குழாயை மாட்டித் தொங்கினேன். 'டக்'குனு விட்டுச்சு. விட்ட வேகத்துல தண்டுல இருந்த சாவி, அரை நிலா மாதிரி நகத்தளவு இரும்புத் துண்டு, எகிறி எங்கயோ போய் விழுந்துச்சு. டார்ச்சை வெச்சுக்கிட்டு ஷெட்டுக்குள்ள முக்கால் மணி நேரம் தவழ்ந்தேன். கடைசியில அது என் ஷூ லேஸ்ல ஒட்டியிருந்த கிரீஸ்ல இருந்துச்சு.

அடுத்தது பேட்டரி. வயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அதைத் துண்டிக்கணும். எம்ஜிபிக்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்க நம்ப மாட்டாங்க: 1972 வண்டிக்கு ஆறு வோல்ட் பேட்டரி ரெண்டு. அது இருக்கிற இடம் சீட்டுக்குப் பின்னாடி, தரைக்கு அடியில! கார்ப்பெட்டைச் சுருட்டி, மூடியோட கால் திருப்பு ஸ்க்ரூக்களைத் திருப்பி, தலைகீழா தொங்கிக்கிட்டு எர்த் வயரைக் கழட்டணும். 'இதுக்குப் போயி இவ்வளவா'ன்னு ஒரு தடவை கழட்டாம வேலை பார்த்தேன். ஆல்டர்னேட்டருக்குப் போற தடிச்ச பிரவுன் வயருக்கு நடுவுல ஃபியூஸே கிடையாது, சாவியை அணைச்சாலும் அதுல கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அதுலயும் பாடியிலயும் சேர்ந்து பட்டதுல தீபாவளி. அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

ஆனா இது என் தப்பில்லை: அட்ஜஸ்ட் பண்ற போல்ட் ரெண்டு சுத்து உள்ள போய் நின்னுடுச்சு. எம்ஜிபி போல்ட் 5/16 அங்குலம், நுண் மரை, அதாவது 7.94 மில்லிமீட்டர். வந்த சாமான்ல போட்டிருந்தது எட்டு மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், மரை இடைவெளிதான் வேற. கொஞ்சம் பலம் கொடுத்திருந்தா போல்ட் இறங்கற அலுமினியக் காது பிளந்திருக்கும். இதுக்குப் பேரு "அப்படியே பொருந்தும்"! ரீகண்டிஷனும் இல்லை ஒண்ணும் இல்லை, எங்கயோ வார்த்த நகலுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்கான்.

மெட்ரிக் போல்ட் வாங்கி மாட்டினேன். பெல்ட்டை நீளமான பக்கத்துல விரலால அழுத்தினா அரை அங்குலம் அமுங்கற மாதிரி இழுத்து வெச்சேன். 14.1 வோல்ட். நானும் ஒரு மெக்கானிக்தான்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் பழசைப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். 25 பவுண்டு வந்துச்சு.

ஒன்பதாவது நாள் ராத்திரி. நியூபரியில இருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம், ஏ34 நெடுஞ்சாலை. மழை. சிவப்பு லைட் இந்தத் தடவை மினுக்கலை, பளிச்சுனு எரிஞ்சுச்சு. வைப்பர் கிழவர் மாதிரி நடக்க ஆரம்பிச்சுது, ஹெட்லைட் அகல் விளக்காச்சு, பக்கத்துல லாரிங்க தண்ணியை வாரி அடிச்சுக்கிட்டுப் போகுது. ஓரம் கட்டின இடம் எதுன்னு நினைக்கிறீங்க? ஆபிங்டன் திருப்பம். இந்த வண்டி பிறந்த ஊர்! தொழிற்சாலையை 1980லயே மூடிட்டாங்க, இல்லேன்னா தள்ளிக்கிட்டே போய் வாசல்ல விட்டுட்டு வந்திருப்பேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்த ரெக்கவரி பெரியவர் பானெட்டைத் திறந்து பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பழசை எங்க வெச்சிருக்கீங்க?"

"திருப்பி அனுப்பிட்டேன் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில கோபமே இல்லை. துக்க வீட்டுல பார்க்கிற பார்வை அது.

அப்புறம் பொறுமையா சொன்னார். நான் அனுப்பின பழசு, லூகாஸ் கம்பெனியோட 16ஏசிஆர் மாடல், 34 ஆம்பியர். பின்னாடி பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா சுத்தற பாகத்துல உரசி கரண்ட் கொடுக்கற ரெண்டு கார்பன் பிரஷ், பக்கத்துலயே வோல்ட்டை அளவா வைக்கிற ரெகுலேட்டர். முக்கால்வாசி நேரம் தேய்ஞ்சிருக்கிறது பிரஷ்தானாம். சில பவுண்டுக்குக் கிடைக்கும், சமையல் மேஜையில வெச்சே மாத்திடலாம். அந்தப் பழசோட உடம்புல '1472'னு ஒரு முத்திரை இருந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. 1972ஆம் வருஷம், 14ஆவது வாரம். வண்டியோட கூடப் பிறந்தது. லைட்டை அடிக்கடி அணைச்சுடும்னு லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்'னு பட்டப்பேரு வெச்சு இந்த ஊரே சிரிக்குது, நானும் சிரிச்சிருக்கேன். அந்த இளவரசன் அம்பது வருஷம் உழைச்சான். நேத்து வந்த பெட்டி ஒன்பது நாள். தேய்ஞ்ச பிரஷுக்காக நான் வண்டியோட இதயத்தை 25 பவுண்டுக்கு அடகுக்கடையில தள்ளியிருக்கேன்!

கடைக்கு ஃபோன் போட்டேன். "தகுதியுள்ள கராஜ்ல மாட்டின பில் இருக்கா சார்? இல்லேன்னா வாரண்டி செல்லாது." மூணு போல்ட் வேலைக்குக் கராஜ் பில்! 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள்ள பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம்னு வாசிச்சுக் காட்டினேன். குரல் உடனே தேனாச்சு. "வேற ஒண்ணு அனுப்பறோம் சார்." பணத்தை கேட்டிருக்கணும். சனியன், சரின்னுட்டேன்.

மறுபடி கார்ப்பெட், மறுபடி தலைகீழ், மறுபடி புல்லி. ரெண்டாவது சாமானுக்கு நேர் எதிர் வியாதி. வண்டி நின்னுக்கிட்டு ஐடிலிங்ல ஓடறப்பவே 15.8 வோல்ட். பேட்டரி ரெண்டும் கொதிச்சு, காருக்குள்ள அழுகின முட்டை நாத்தம். வீட்டுல மூக்கைப் பொத்திக்கிட்டு, "ஏங்க, அந்தக் காருக்குக் கொடுக்கிற நேரத்துல பாதியை பாத்ரூம் குழாய்க்குக் கொடுக்கக் கூடாதா?"ன்னு ஒரு கேள்வி. பதில் இல்லை.

கடைசியில பழைய சாமான் சந்தையில, மழைத் தார்ப்பாய்க்கு அடியில கிடந்த ஒரு 16ஏசிஆரை 15 பவுண்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். பிரஷ் உரசற ஸ்லிப் ரிங்கைத் துடைச்சு, புது பிரஷ் போட்டேன். போல்ட் வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு. 14.2. சிவப்பு லைட் செத்துப்போச்சு. முத்திரை 3071, என் வண்டிக்கு அண்ணன்.

ரெண்டாவது நகல் ஷெட்டுல பெட்டியோட கிடக்கு. பணம் கேட்டு நாலு மெயில் போட்டாச்சு. நேத்து பதில் வந்துச்சு: "தயவுசெய்து கராஜ் பில்லை இணைக்கவும்."