உலக சாம்பியன் ஆனால் ஒலிம்பிக் டிக்கெட் கையில் வந்துவிடுமா?

"விண்ட்சர்ஃபிங்கில் உலக சாம்பியன்ஷிப் வென்றவர் நேராக ஒலிம்பிக் போகலாம், யாரும் தடுக்க முடியாது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. (விண்ட்சர்ஃபிங் என்பது பாய் பொருத்திய பலகையில் நின்று, காற்றின் வேகத்தில் தண்ணீரில் ஓடும் போட்டி.) அது தவறு.

தகுதிப் போட்டியில் கிடைக்கும் இடம் வீரருடையது அல்ல, அவர் நாட்டுடையது. அதில் யாரை அனுப்புவது என்பதைத் தேசிய ஒலிம்பிக் கமிட்டி முடிவு செய்யும். ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரே இடம்தான். பாரிஸ் 2024-ல் ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 24 இடங்கள். 2023-ல் ஹேக் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப், கண்டங்கள் அளவிலான போட்டிகள், கடைசி வாய்ப்பாக 2024 ஏப்ரலில் பிரான்ஸின் இயேரில் நடந்த போட்டி என்று அவை படிப்படியாக நிரம்பின.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நெதர்லாந்தே சாட்சி. டோரியன் ஃபான் ரைசல்பெர்க 2012, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அப்படிப்பட்டவரே டோக்கியோவுக்குப் போகவில்லை. இருந்த ஒரே இடம் சக நாட்டவரான கிரான் பாட்லோவுக்குப் போனது. அவர் தங்கத்தோடு திரும்பினார்! (தேர்வுக் குழு அன்று நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.)

இன்னொன்று: அந்த ஃபார்வர்டில் இருக்கும் படம், டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் ஓடிய பழைய ஆர்எஸ்:எக்ஸ் வகைப் பலகை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடியது தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் ஐக்யூஃபாயில் வகைப் பலகை.

உலக பாய்மரப் படகு சம்மேளனமான 'வேர்ல்ட் செய்லிங்' தளத்தில் தகுதி விதிகள் முழுசாக இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்த ஃபார்வர்டு உங்கள் குரூப்புக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.